வக்கீலின் மீன்கொத்தி

பெரிய கடைவீதிக்குப் பின்னால், சந்து திரும்பும் இடத்தில் இருந்த நிஜாம் ஸ்டூடியோவில் படம் பிடித்துக்கொண்டவர்கள் யாரும் தங்கள் சொந்த முகத்தைப் படத்தில் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் ஆரிஃபாவின் கைவேலை. அம்மைத் தழும்போடு வந்த மாப்பிள்ளை வழவழவென்ற கன்னத்தோடு திரும்பிப் போவார். ஐம்பதைத் தாண்டிய ஜவுளிக்கடைக்காரர் மோவாய்க்குக் கீழே தொங்கும் சதையைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவர்போல இருப்பார். படத்தைக் கையில் வாங்கியதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அப்படியே என்னை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு!" மாடியில் இருக்கும் ஆரிஃபாவுக்கு அது காதில் விழும். பென்சிலைச் சீவிக்கொண்டே உதட்டைச் சுழிப்பாள்.

கீழே ஸ்டூடியோ, மேலே வீடு. கணவர் நிஜாமுதீன் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "அசையாதீங்க, மூச்சு விடாதீங்க" என்று அதட்டிப் படம் பிடிப்பார். படம் விழுந்த கண்ணாடி பிளேட்டைக் கழுவிக் காயவைத்ததும் அது மாடிக்கு வந்துவிடும். கிழக்கு ஜன்னலை ஒட்டி ஒரு சாய்வு மேஜை. அதன் நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி. வெயில் கண்ணாடியில் பட்டு மேலே வந்து பிளேட்டை ஊடுருவும். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும் அந்த முகத்தில், ஊசிபோலச் சீவிய பென்சிலால் தழும்புகளை நிரப்புவாள். சின்னக் கத்தியால் வேண்டாததைச் சுரண்டுவாள். ஊரில் இதற்கு டச்சிங் என்று பேர். முன்பு சென்னையிலிருந்து வந்த ஒருவர் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார். ஆரிஃபா பென்சிலை எடுத்தாள். நாலு பிளேட்டைக் கெடுத்தாள். ஐந்தாவதிலிருந்து எதுவும் கெடவில்லை.

இது வெளியே யாருக்கும் தெரியாது. "டச்சிங்கெல்லாம் நம்ம கைதான்" என்று நிஜாமுதீன் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். கோஷாவில், திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்பிள்ளை, அடுத்தவன் முகத்தை ராவுகிறாள் என்று தெரிந்தால் மரியாதையாக இருக்காதாம். ஆரிஃபா அதை மறுத்துப் பேசவில்லை. ஒன்பது வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்ததில், இந்த ஊரில் யாருக்கும் தன் மூஞ்சி வேண்டாம் என்ற ஒரே முடிவுக்கு வந்திருந்தாள். அப்படிப்பட்டவர்களிடம் பேர் வாங்கி என்ன ஆகப்போகிறது?

1936ஆம் வருஷம் மார்கழியில்தான் வக்கீல் பராசரன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு. கோர்ட்டுக் கச்சேரியில் நல்ல பேர். சொந்தமாக ஒரு மோட்டார் கார். அந்த வருஷம் ஜில்லாவுக்கு மாற்றலாகி வந்திருந்த ஒரு துரைக்குப் பறவை என்றால் உயிர் என்று தெரிந்ததும், ஊரில் பல பெரிய மனுஷர்களுக்குத் திடீரென்று பறவைமேல் பாசம் பொங்கியது. மற்றவர்கள் பைனாகுலரோடு நிறுத்திக்கொண்டார்கள். பராசரன், மேலிருந்து முகத்தைக் கவிழ்த்துப் பார்க்கும் பெரிய சீமைக் கேமரா ஒன்றை சென்னையிலிருந்து வரவழைத்துவிட்டார்.

"இது ஒம்ம கல்யாணப் படம் மாதிரி இல்லே, ஓய் நிஜாம்" என்று அவர் கீழே பிரசங்கம் செய்வது மாடிப்படிக் கதவு வழியாக ஆரிஃபாவுக்குக் கேட்டது. "பட்சி வனத்துல ஸ்வதந்த்ரமா சஞ்சாரம் பண்றது. அதை அது இருக்கிறபடியே பிடிக்கணும். நாம அதுக்கு ஒரு உபத்திரவமும் பண்ணப்படாது. அதுதான் இந்தக் கலைக்கு தர்மம். பொறுமை வேணும், தபஸ் மாதிரி."

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் நிஜாமுதீன். வக்கீல் எது சொன்னாலும் அவர் இரண்டு ஆமாம் போடுவார். போட்டோ ரசிகர் சங்கம் என்று ஒன்று ஊரில் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு பராசரன்தான் காரியதரிசி. சங்கத்தின் வேலைகளையெல்லாம் நிஜாம் ஸ்டூடியோவுக்கே கொடுப்பதாக அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

முதலில் வந்த பன்னிரண்டு பிளேட்டில் ஒரு பறவையும் இல்லை. ஏழில் வெறும் கிளை. மூன்றில் வெறும் ஆகாயம். ஒன்றில் மோட்டார் காரின் சக்கரம் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. கடைசியில் எது இருக்கிறது என்று ஆரிஃபாவும் நிஜாமுதீனும் மாறி மாறிப் பார்த்து, அது வக்கீலின் அங்கவஸ்திரம் என்று கண்டுபிடித்தார்கள்.

"தபஸு இன்னும் பலிக்கலை போல" என்றாள் ஆரிஃபா.

"சும்மா இரு. கீழே கேக்கப்போவுது."

மூன்றாம் வாரம் பலித்துவிட்டது. ஒரு கொண்டலாத்தி. விசிறிபோல் விரிந்த கொண்டை, நீண்ட அலகு, சிறகில் பட்டைபட்டையாகக் கோடு, எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவு. ஆரிஃபாகூட ஒரு நிமிஷம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். பறவையின் வலது காலிலிருந்து கிளை வரைக்கும் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. பிளேட்டில் கறுப்பு என்றால் அசலில் வெள்ளை.

"அந்தக் கோட்டை மட்டும் எடுத்துடச் சொன்னாரு" என்றார் நிஜாமுதீன். "ஏதோ புல்லு குறுக்கே விழுந்துடுச்சாம்."

"புல்லு தானா முடிச்சுப் போட்டுக்குமா? ரெண்டு முடிச்சு இருக்கு, பாருங்க."

நிஜாமுதீன் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். "நமக்கெதுக்கு அந்த ஆராய்ச்சி? எடுக்கச் சொன்னாரு, எடுத்துடு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

ஆரிஃபா நூலைச் சுரண்டி எடுத்தாள். நாலு மணி நேர வேலை. கத்தி ஒரு மயிரிழை தவறினாலும் பறவையின் கால் போய்விடும்.

அந்தப் படம் சென்னை இங்கிலீஷ் வாரப் பத்திரிகை ஒன்றில் முழுப்பக்கம் வந்தது. கூடவே வக்கீல் எழுதிய குறிப்பும் வந்தது. நிஜாமுதீன் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்துக் காட்டினார். மார்கழிக் குளிரில், விடிவதற்கு முன்பே முக்கொம்பில் ஆற்றில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் ஆறு மணி நேரம் அசையாமல் நின்றதாகவும், கொண்டலாத்தி தம்மை ஒரு மரக்கட்டை என்று நினைத்துப் பயமில்லாமல் அருகில் வந்ததாகவும் எழுதியிருந்தது.

"மரக்கட்டைன்னு நெனச்சதுல தப்பில்லை" என்றாள் ஆரிஃபா.

அதற்கப்புறம் ஸ்ரீரங்கத்தில் இரண்டு இடத்திலும் கோட்டைப் பக்கம் ஒரு வாசகசாலையிலும் வக்கீல் உபந்நியாசம் செய்தார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்தது. நேரம் கொஞ்சம் கூடியது. வாசகசாலையில் எட்டு மணி நேரம் ஆகிவிட்டது. அங்கே கேட்டவர்களில் ஒருவர் கண்ணீர் விட்டாராம். பட்சி ஜாதியிடம் இப்படிப்பட்ட கருணையை இந்தக் கலியுகத்தில் பார்க்க முடியாது என்றாராம்.

மாசி மாதம் ஒரு நாள் காலை, வக்கீலின் கேமராப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஓர் ஆள் ஸ்டூடியோவுக்கு வந்தான். பேர் வள்ளிக்கண்ணு. கொள்ளிடக் கரையில் காடையும் கௌதாரியும் பிடித்து விற்பவன். நிஜாமுதீன் வெளியே போயிருந்ததால் ஆரிஃபா மாடிப்படிக் கதவின் பின்னால் நின்று, பெட்டியை எங்கே வைப்பது என்று சொன்னாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, வக்கீல் ஐயா கூட நீங்களும் தண்ணியில நிப்பீங்களா?"

"எந்தத் தண்ணியிலம்மா?"

"முக்கொம்புல. கொண்டலாத்தி புடிக்க."

வள்ளிக்கண்ணு சற்று யோசித்தான். "கொண்டலாத்தி தரையில புழு பொறுக்குற குருவிம்மா. அதுக்கு எதுக்குத் தண்ணியில எறங்கணும்? நான் வலையில புடிச்சு, கால்ல நூலு கட்டி, கொம்புல ஒக்கார வெச்சேன். ஐயா கார்ல இருந்தபடியே எடுத்தாரு. ரெண்டு தபா காப்பி குடிச்சாரு."

ஆரிஃபா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அவுத்து விட்டுடவா சாமின்னு கேட்டேன்" என்றான் அவன். "வேண்டாம், அடுத்த வாரமும் வேணும், கூடையில போட்டு வைன்னாரு. காடையை வைக்கலாம், கௌதாரியை வைக்கலாம். இதுங்க கூடையில நிக்குமா? ரெண்டு நாள்ல விறைச்சுப் போச்சு. இப்ப மீன்கொத்தி வேணுங்கிறாரு. அது இன்னும் ரோஷக்காரக் குருவி. நான் என்னம்மா செய்யறது? பெரிய இடம். நான் புடிக்கிறது திங்கிறதுக்கு. அவரு எதுக்குப் புடிக்கிறாருன்னுதான் எனக்கு வெளங்கலை."

ஆரிஃபாவின் வாயிலிருந்து முந்தானை விலகியது. அதுவரைக்கும் அவளுக்கு வக்கீல் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தார். தழும்பை மறைத்துக்கொண்டு போகிறவன் தன் முகத்தைத்தானே மாற்றிக்கொள்கிறான்? அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? இந்த மனுஷன் அப்படியில்லை. ஒரு உயிரைக் கூடையில் போட்டுச் சாக விட்டுவிட்டு, அதே வாயால் கருணையைப் பற்றி உபந்நியாசம் செய்து அழவைக்கிறார். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

நடுவில் ஒரு மடையான் கொக்கும் ஒரு மரங்கொத்தியும் வந்தன; மறைக்கச் சொன்னதை மறைத்துக் கொடுத்தாள். பத்து நாளில் மீன்கொத்தியும் வந்துவிட்டது. பிளேட்டை மேஜையில் வைத்ததுமே ஆரிஃபாவுக்குத் தெரிந்துபோயிற்று. எத்தனை கோழி அறுத்துக் கழுவிய கை அது. மனுஷனுக்குச் செத்தால் மேல் இமை மூடும். பறவைக்குக் கீழ் இமை மேலே ஏறும். இந்த மீன்கொத்திக்குக் கீழ் இமை பாதிக் கண்ணுக்கு ஏறி நின்றது. கால்விரல்கள் கிளையைப் பற்றவில்லை, சுருண்டு கிடந்தன. கழுத்து நிமிர்ந்திருந்ததுதான் அதிசயம். பூதக்கண்ணாடியில் தேடியபோது, பிடரியில் இறகுக்கு நடுவே கம்பியின் முனை மினுங்கியது.

"என்னங்க, இது மய்யித்து" என்றாள்.

நிஜாமுதீன் மேஜையில் கிடந்த பென்சில் சீவல்களைக் கூட்டி ஒதுக்கினார்.

"செத்ததைக் கம்பியில குத்தி நிறுத்தி வெச்சிருக்காரு. மய்யித்துக்கு மை தீட்டச் சொல்றாரா?"

"கண்ணைக் கொஞ்சம் தொறந்து விட்டுடச் சொன்னாரு. தூக்கக் கலக்கமா இருக்காம்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்புறம்... வாயில ஒரு மீன் வைக்கணுமாம்."

"மீனா?"

"அப்பத்தான் உசிரோட்டமா இருக்கும்கிறாரு. அடுத்த மாசம் சங்கத்துல கண்காட்சி. துரையே வந்து பரிசு குடுக்கப் போறாரு. ஆரிஃபா, இந்த ஒரு தடவை. சங்கத்து வேலை கைக்கு வந்துடட்டும்."

"எந்த மீனுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். அவரு சைவம். மீன்னா மீன்தானே ஓய், அதுல என்ன தினுசுன்னு கோவிச்சுக்கிட்டாரு."

ஆரிஃபா செய்தாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காகப் பின்னால் தன்னையே பலமுறை நொந்துகொண்டாள். அப்போது அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு வறட்டு அலட்சியம்தான்: ஊரே பொய்யை மெச்சுகிறது, இன்னும் ஒன்றை வாங்கிக்கொண்டு போகட்டும். கீழ் இமையைச் சுரண்டி எடுத்து, கண்மணி நடுவில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அவ்வளவுதான், கண் விழித்துக்கொண்டது. கம்பி முனை இறகாயிற்று. பிறகு மீன். பார்க்காமல் எதையும் வரைகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்று வீட்டில் மீன் வாங்கவில்லை. அடுப்படி ஜாடிக்குள் நெத்திலிக் கருவாடு இருந்தது. நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, மேஜை ஓரத்தில் வைத்துக்கொண்டு, எதிரில் இருந்ததை இருந்தபடியே வரைந்தாள். வாடிய உடம்பு, குழிந்த கண், வெயிலில் வளைந்த வால், ஒன்றும் விடவில்லை. எந்த மீன் என்று யாரும் சொல்லவில்லையே.

கண்காட்சியில் முதல் பரிசு அந்தப் படத்துக்குத்தான். வெள்ளி மெடல். மறுநாள் பிற்பகல் மூன்று மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஆரிஃபாவும் போனாள். ஒன்பது வருஷத்தில் தன் வேலையைச் சுவரில் மாட்டிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிது பண்ணி, பொன் சட்டம் போட்டு, கீழே வக்கீலின் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

படத்துக்குப் பக்கத்தில் மடிசாரும் வைர மூக்குத்தியுமாக ஓர் அம்மாள் நின்று வருகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். வக்கீலின் மனைவி வேதவதி. "எங்காத்துக்காரர் எடுத்தது. எட்டு மணி நேரம் கழுத்தளவு ஜலத்துல நின்னாராக்கும். பெருமாள் கிருபை, ஜுரம்கூட வரலை."

"அப்படிங்களா?" என்றாள் ஆரிஃபா. "அன்னிக்கு அவர் வேட்டியெல்லாம் ஒரே சேறா இருந்திருக்குமே. தொவைக்கிறதுக்குக் கஷ்டப்பட்டிருப்பீங்க."

வேதவதி மூக்குத்தியைத் திருகிக்கொண்டாள். அவள் கண் ஒரு கணம் படத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. "நான் கவனிக்கலை" என்றாள் மெதுவாக. அதற்கப்புறம் வந்த யாருக்கும் அவள் ஜலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆரிஃபாவுக்கு அந்த அம்மாள்மேல் கொஞ்சம் பாவமாக இருந்தது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அவள் இரக்கப்பட்டது அந்த ஒருத்திமேல்தான்.

மூன்றாம் நாள், ஊரில் ஒரு காலேஜில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் அமிர்தராஜ் என்பவர் கண்காட்சிக்கு வந்தார். கட்டைகுட்டையான மனிதர், கணீரென்ற குரல். மீன்கொத்திப் படத்தின் முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கூடமே அதிரும்படி சிரித்தார்.

"இத்தனை வருஷமா பறவை பார்க்கிறேன். கருவாடு திங்கிற மீன்கொத்தியை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்! அதுவும் நெத்திலி! நாகப்பட்டினம் போயி வாங்கிட்டு வந்துச்சா, இல்ல நம்ம மார்க்கெட்டிலயா?"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அது ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்விட்டது. கச்சேரியில் ஜூனியர் வக்கீல்கள் பராசரன் தலையைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வாசகசாலையில் அவர் கருணையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவரே இப்போது கருவாட்டு வக்கீல் என்று பேர் வைத்ததாகக் கேள்வி. இதைக் கேட்டபோது ஆரிஃபா சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்கள்மேலும் அவளுக்கு மதிப்பு வரவில்லை. காலில் நூல் கட்டியிருந்த கொண்டலாத்தியை இவர்கள்தானே முழுப்பக்கம் பார்த்து உருகினார்கள்? கருவாடு சாப்பிடத் தெரிந்தவர்களுக்குக் கருவாடு தெரிந்தது. பறவை செத்தது இன்னும் ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை பராசரன் தன் குமாஸ்தாவோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். வரும்போதே ஒரு காகிதம் தயாராக இருந்தது.

"ஓய், என்ன காரியம் பண்ணிப்பிட்டீர்! என் மானமே போயிடுத்து. சரி, நடந்தது நடந்துடுத்து. இதுல ஒரு கையெழுத்தைப் போடும். நாளைக்கு சங்கத்துல வாசிக்கணும்."

குமாஸ்தா கணீரென்று படித்தார்: "மேற்படி படத்தில் காணும் மீனானது, வாடிக்கைக்காரருக்குத் தெரியாமலும் அவருடைய சம்மதம் இல்லாமலும், நிஜாம் ஸ்டூடியோவாரால் தன்னிச்சையாகச் சேர்க்கப்பட்டது என்று இதனால் உறுதி கூறுகிறேன்."

மாடியில் ஆரிஃபா கையிலிருந்த பென்சிலை வைத்தாள். படிக்கதவண்டை வந்து இடுக்கு வழியாகப் பார்த்தாள். நிஜாமுதீன் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டிருந்தார். சொல்லாததை வரைந்து வைக்கிற ஸ்டூடியோ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு எவன் தன் பெண்ணைப் படம் பிடிக்க இங்கே அழைத்து வருவான்? அது இவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தோய்க்கிறார். ஒன்பது வருஷமாக ஊராரின் முகங்களைப் பார்த்துச் சுழித்த உதட்டை, முதல் தடவையாகத் தன் புருஷனைப் பார்த்துச் சுழித்தாள். அது அவளுக்கு வலித்தது.

"என்னங்க, பேனாவைக் கீழே வைங்க" என்றாள், கீழே கேட்கும்படியாக.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"அந்த வேலை செஞ்சது நான். ஒன்பது வருஷமா இந்த ஸ்டூடியோவுல டச்சிங் பண்றது நான்தான். கையெழுத்துப் போடணும்னா நான் போடறேன்."

பராசரன் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்தது. "பேஷ். யார் போட்டா என்ன? போடுங்கோ."

"ஆனா மீனை மட்டும் எழுதினா அரைகுறையா இருக்கும் ஐயா. செஞ்சதெல்லாத்தையும் எழுதிடுவோம். குமாஸ்தா ஐயா, எழுதிக்குங்க."

குமாஸ்தாவுக்குப் பழக்கதோஷம். எழுதிக்கொள்ளச் சொன்னால் கை தானாக ஓடும். காகிதத்தைத் திருப்பினார்.

"ஒண்ணு, கொண்டலாத்தி. வலது கால்ல வெள்ளை நூலு, ரெண்டு முடிச்சு. கத்தியால சுரண்டி எடுத்தேன். ரெண்டு, மடையான். ரெக்கையைக் கட்டி, பின்னாடி ஒரு ஆளு கையால புடிச்சிருந்தாரு. அஞ்சு விரலும் தெரிஞ்சுது. விரலையெல்லாம் கோரையா மாத்தினேன்."

"கோரையா, நாணலாம்மா?" என்று கேட்டார் குமாஸ்தா, தலை நிமிராமல்.

"கோரை. மூணு, மரங்கொத்தி. இறக்கையில ஆணி. ஆணித் தலையை மரப்பட்டை ஆக்கினேன். நாலு, இந்த மீன்கொத்தி. செத்துப்போய் ஒரு நாளாவது இருக்கும். கழுத்துக்குள்ள கம்பி. மூடின கண்ணை நான்தான் தொறந்தேன். மீனையும் நான்தான் போட்டேன். எல்லாம் வாடிக்கைக்காரர் சம்மதம் இல்லாமதான் செஞ்சேன்னு எழுதுங்க. அவரு எடுத்த அசல் படம் எப்படி இருந்துச்சுன்னு சங்கத்துக்குத் தெரியட்டும்."

"நிறுத்தும்யா!" பராசரன் கத்தினார். குமாஸ்தாவின் கை நாலாவது வரியில் நின்றது. வக்கீல் காகிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். கிழித்ததைத் தரையில் போடப் போனவர், என்ன நினைத்தாரோ, பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு பொம்மனாட்டியைப் பேச விட்டுண்டு நிக்கிறீரே, ஓய்" என்றார் நிஜாமுதீனிடம்.

நிஜாமுதீன் இரண்டு ஆமாம் போடவில்லை. பேனாவைத் துடைத்து வைத்தார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்ப்பதற்கும் இல்லை. மாடிக்கு வந்ததும், "ஊரெல்லாம் நான் செய்யறேன்னு சொல்லி வெச்சிருந்தேனே" என்று முனகினார். பத்து நாளுக்கு அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவளும் கெஞ்சவில்லை.

சங்கத்தில் மெடலைத் திருப்பி வாங்குவதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். பேரைப் பொறித்துவிட்டதால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. மெடல் உத்தர வீதி வீட்டுக் கூடத்திலேயே தொங்கியது. சித்திரையில் துரைக்கு மாற்றல் வந்தது. வக்கீலுக்கும் அதே மாதம் பறவை சலித்துவிட்டது. புதிதாக வந்த துரைக்கு நட்சத்திரம் பார்ப்பதில் பிரியமாம். பராசரன் ஒரு டெலஸ்கோப்புக்கு எழுதிப் போட்டிருப்பதாக வள்ளிக்கண்ணு வந்து சொன்னான். நட்சத்திரத்துக்கு நூல் கட்டும் வேலை தனக்கு இல்லை என்பதில் அவனுக்கு நிம்மதி.

சங்கத்து வேலை நிஜாம் ஸ்டூடியோவுக்கு வரவில்லை. ஆனால் குமாஸ்தா வாயடக்கம் இல்லாதவர். டச்சிங் செய்வது ஒரு பெண்பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்ததும் வாடிக்கை குறையவில்லை, கூடியது. முன்பு கீழேயே நின்ற தாய்மார்கள் நேராக மாடிக்கு ஏறிவந்து, "அம்மா, மூக்கைக் கொஞ்சம் கூர்மையாக்குங்க", "பல்லை உள்ளே தள்ளுங்க" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்க ஆரம்பித்தார்கள். இதற்கு அந்தத் திரையே தேவலை என்று ஆரிஃபாவுக்குத் தோன்றியது.

ஆடி மாதம் அமிர்தராஜ் ஒரு பிளேட்டோடு வந்தார். ஸ்டூடியோவில் உரக்கச் சொன்னார்: "நானே எடுத்தது. முக்கொம்புல, மூணு ஞாயித்துக்கிழமை காத்திருந்து எடுத்தேன். இது நிஜமான மீன்கொத்தி. இதுல பென்சில் படக் கூடாது, கத்தி படக் கூடாது. இருக்கிறபடி பிரின்ட் போட்டா போதும்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

ஆரிஃபா பிளேட்டை மேஜையில் வைத்தாள். ஆறு இருந்தது. அக்கரை மரங்கள் இருந்தன. ஒரு குடையின் நுனி ஓரத்தில் விழுந்திருந்தது. பூதக்கண்ணாடியைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இரண்டு தடவை தேடினாள். கடைசியில் ஆற்றுக்கு நடுவே நின்ற ஒரு மூங்கில் கழியின்மேல் அரிசி அளவில் ஒன்று தெரிந்தது. அதற்கு ஒரு விரல்கடை தள்ளி, அதே அளவில் இன்னொன்று.

"என்னம்மா சொல்றே?" என்று கேட்டார் நிஜாமுதீன். இப்போதெல்லாம் கேட்கிறார்.

"மனுஷன் பொய் சொல்லலை. அது நிச்சயம்" என்றாள் ஆரிஃபா. "ஆனா சத்தியமா, படம் எடுக்க வரலைங்க இவருக்கு. இது ரெண்டுல ஒண்ணு பறவை, ஒண்ணு தூசி. எது எதுன்னு என்னால சொல்ல முடியலை."

வழக்கமாகத் தூசியை முதலில் எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கத்தியை எடுத்தாள். இரண்டையும் மறுபடி பார்த்தாள். பிறகு கத்தியை மடக்கி வைத்துவிட்டு, இரண்டும் இருக்கும்படியே பிளேட்டைக் கீழே கொடுத்தனுப்பினாள்.